விற்ற சரக்கு வாபஸ் இல்லை

மார்செய்
12-2-1974

அன்புள்ள ரஹ்மத் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் நலமும் மகள் சுரையாவின் நலமும் அறிய ஆவல். இங்கே பிரான்சில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மகாசேன் கடை மூடி நாலு வருஷம் ஆகிறது. நான் இங்கே வந்து மூன்று. இனி அந்தக் கடை எழுந்து நடக்கப் போவதில்லை. மண்டிக்காரர் சிவப்பிரகாசம் நெல் கிடங்குக்குக் கேட்கிறார், நல்ல மனிதர். கட்டடம் நம் கல்யாணத்தில் உன் மஹராகப் பத்திரம் பதியும் நொத்தேர் முன்னால் உன் பெயரில் எழுதிக்கொடுத்தது என்பதால் நீ கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. பவர் பத்திரம் இத்துடன் வருகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. விற்றால்தான் இங்கே ஒரு வீடு பார்த்து உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ள முடியும்.

உள்ளே என்னென்ன சாமான் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். சாவி நம் பழைய விற்பனையாள் தங்கவேலுவிடம் இருக்கிறது. அவனை எழுதச் சொல்.

நான் ஒரு பெரிய மகாசேனில் சூப்பர்வைசராக இருக்கிறேன் என்று முன்பே எழுதினேன். வேலை நன்றாகப் போகிறது. கவலை வேண்டாம்.

உன் அன்புள்ள,
ஹபீப் முகமது


வில்லியனூர்
9-3-1974

786

அன்புள்ள மச்சானுக்கு ரஹ்மத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சுரையாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

தங்கவேலுவுக்குக் கண்ணில் புரை. பட்டியலை அவர் எப்படி எழுதுவார்? அதனால் நானே கடைக்குள் போனேன். படித்தவுடன் உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. கோபப்படாதீர்கள், முழுதும் கேளுங்கள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். கடை கீழே, வீடு மேலே. நடுவில் ஒரு படிக்கட்டு இருந்தும் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் அதில் இறங்கியது கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் பின்தெருப் படி. மாடியில் உங்கள் கல்லாப் பெட்டியடி, அதற்குப் பின்னால் மரத்தட்டி, தட்டிக்குப் பின்னால் நான். தட்டிச் சந்து வழியே என் கடையை நான் பார்த்ததெல்லாம் சுண்டுவிரல் அகலம்தான். ஒரு துண்டு சேலை, ஒரு துண்டு மின்விசிறி, உங்கள் பின்கழுத்து.

தங்கவேல் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். நான் படியில் இறங்கினேன். பதினெட்டுப் படி, உங்களுக்குத் தெரியுமா? மேல் ஜன்னல்களின் சிவப்பு, பச்சைக் கண்ணாடி வழியே வெயில் வந்து தரையெல்லாம் நிறமாகக் கிடந்தது. தூசியே அழகாக இருந்தது மச்சான். கண்ணாடி அலமாரிகள் காலியாக வரிசையாக நின்றன. என் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கடைக்குள் நடக்கிறேனா, கனவுக்குள் நடக்கிறேனா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

தையல் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரோ தங்கவேல் வீட்டுப் பெண் என்று நினைத்து ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. என்ன திமிர் பார் என்று கிட்டே போனால் அது நான். ஆளுயர நிலைக்கண்ணாடி! வீட்டில் இருப்பது உள்ளங்கைக் கண்ணாடிதானே. முப்பத்திரண்டு வயதில் தலை முதல் கால் வரை என்னை நானே பார்த்தது அன்றுதான். சிரிக்காதீர்கள். நானே சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

பறக்கும் டப்பாவையும் பார்த்தேன். எட்டுக் கவுண்டரிலிருந்தும் உங்கள் பெட்டியடிக்குப் போகிற எட்டுக் கம்பியும் அப்படியே இருக்கின்றன. நாலாவது கவுண்டரில் கயிற்றை ஒரு இழு இழுத்தேன். மர டப்பா சர்ரென்று தலைக்கு மேல் பறந்து மாடிக்குப் போய் டங்கென்று நின்றது. சரக்குச் சீட்டு அதில் வரும், நீங்கள் மீதிச் சில்லறை வைத்துத் திருப்பி அனுப்புவீர்கள். அதே மாதிரிச் சீட்டின் பின்பக்கம் ‘இஞ்சி டீ’ என்று எழுதித் தட்டிச் சந்தில் எனக்கும் ஒன்று நுழைப்பீர்கள். பதினோரு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதமெல்லாம் அவ்வளவுதான். பிரான்சுக்குப் போன பிறகுதான் பக்கம் பக்கமாக எழுத வருகிறது உங்களுக்கு.

பட்டியல் அடுத்த கடிதத்தில். கையெழுத்தும் அப்புறம்.

உங்கள்,
ரஹ்மத்


மார்செய்
20-4-1974

அன்புள்ள ரஹ்மத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. ஆனால் நீ அங்கே தனியாக இறங்கியது என் அண்ணன் காஜா மொய்தீன் காதுக்குப் போனால் ஊரையே கூட்டிவிடுவார் என்பது உனக்குத் தெரியாததல்ல.

அந்தக் கம்பிகளை என் அத்தா பக்கீர் முகமது சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பாண்டியிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து நம் கடையில் சென்ட்டும் கடிகாரமும் வாங்கிப் போனார்கள். வெள்ளைக்காரன் போனான், வெளிநாட்டுச் சரக்கு நின்றது, நான் உட்கார்ந்திருக்கும்போதே கடை காலியானது. கடைசி வருஷம் ஒரு நாளில் ஒரு டப்பாகூட மேலே வராது. கம்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை உனக்குச் சொன்னதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அதைப் பார்த்துப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆடிக்குள் கையெழுத்து வந்தால் நல்லது.

ஹபீப் முகமது


வில்லியனூர்
28-8-1974

786

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்தும் பட்டியலும் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யார் வாயிலாகவோ வேறு மாதிரி தெரிவதைவிட நானே சொல்வது மேல்.

போன மாதம் சந்தை நாளில் நல்ல மழை. பாண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களும் பிள்ளைகளும் நம் கடை வாசலில் ஒண்டி நின்றார்கள். சாரல் அடித்துப் பிள்ளைகள் நடுங்கின. மனசு கேட்கவில்லை. தங்கவேலுவிடம் சொல்லி ஷட்டரைத் தூக்கச் சொன்னேன். உள்ளே வந்த பிள்ளைகள் ஈரக்காலோடு மொசைக் தரையில் சறுக்க ஆரம்பித்தன. ஒரு முனையில் ஓடி மறு முனைவரை வழுக்கிப் போகின்றன, திரும்ப ஓடிவருகின்றன. பெண்கள் எட்டுக் கவுண்டரிலும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்தக் கடைக்குள் வந்ததே இல்லையாம். பட்டுச்சேலை இருந்த இடம் எது, வளையல் இருந்த இடம் எது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கே தெரியாது, தங்கவேல்தான் காட்டினார். பஸ் வந்து போனது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு மழை இல்லை. ஆனாலும் வந்து கதவைத் தட்டினார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை பெண்களுக்கு மட்டும், மற்ற நாளில் எல்லோருக்கும். சேலை தொங்கவிடும் இரும்புக் கம்பிகளில் மூன்று ஊஞ்சல் கட்டியிருக்கிறேன். நடு ஊஞ்சலுக்குப் பலகை கிடைக்கவில்லை. வாசலில் நீங்கள் உங்கள் கையால் பெயிண்ட் அடித்து மாட்டிய ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ போர்டைக் கழற்றிப் போட்டேன். நல்ல தேக்கு. சுரையா அதை விட்டு இறங்குவதில்லை. மூலையில் தங்கவேல் டீ போடுகிறார், அதில் அவருக்கும் பிழைப்பு நடக்கிறது.

ஆனால் எல்லோரும் வருவது பறக்கும் டப்பாவுக்குத்தான். ஒரு கவுண்டரிலிருந்து சீட்டு எழுதி மேலே அனுப்புவார்கள். நான் பெட்டியடியில் உட்கார்ந்து, யாருக்கென்று பார்த்து, அந்தக் கவுண்டருக்குத் திருப்பி விடுவேன். எழுதத் தெரியாதவர்களுக்குச் சுரையா எழுதிக் கொடுப்பாள். சிலர் சீட்டுக்குப் பதில் ஒரு பூ வைத்து அனுப்புவார்கள்.

திருக்காஞ்சிப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுக் கஸ்தூரியும் அவள் மாமியார் ஆதிலட்சுமியும் ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. இருவரும் தெரியாமல் ஒரே வெள்ளிக்கிழமை வந்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டாவது கவுண்டர், ஒருத்தி ஏழாவது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஏழிலிருந்து ஒரு சீட்டு வந்தது. சுரையா கையெழுத்து, ஆதிலட்சுமி வாய்: “இன்னாடி, இன்னும் கோவம் தீரலையா? உன் புள்ள என்னாண்ட வர மாட்டேங்குது. வூட்டுக்குப் போவும்போது சேந்தே போலாம், நில்லு.” கஸ்தூரி அதைப் படிக்கச் சொல்லி நாலு தரம் கேட்டாள். நேரில் சொல்ல முடியாததைத் தலைக்கு மேல் பறக்கவிட்டால் சொல்ல முடிகிறது போலிருக்கிறது. இருவரும் சேர்ந்தே போனார்கள்.

பெரிய மச்சான் காஜா மொய்தீன் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். உங்களுக்கு எழுதியிருப்பார். எழுதட்டும்.

உங்கள்,
ரஹ்மத்


மார்செய்
2-10-1974

ரஹ்மத்துக்கு,

அண்ணன் கடிதம் வந்தது. உன் கடிதமும் வந்தது. எதைப் படித்து வெட்கப்படுவது என்று தெரியவில்லை.

அது என்ன, சத்திரமா? சர்க்கஸ் கூடாரமா? என் அத்தா தொழுதுவிட்டு வந்து பிஸ்மில்லா சொல்லிக் கல்லாவைத் திறந்த இடத்தில் ஊஞ்சல் ஆடுகிறார்களா? கடை என்றால் சரக்கு இருக்க வேண்டும், வாங்க ஆள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூடிவைப்பதுதான் மரியாதை. செத்தவருக்குச் சட்டை போட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்து வேடிக்கை காட்டுவாயா?

உடனே ஷட்டரை இறக்கு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சிவப்பிரகாசம் பொங்கல்வரைதான் காத்திருப்பார். அதற்குப் பிறகு நீயும் சுரையாவும் இங்கே வரும் பேச்சே இல்லை. யோசித்துக்கொள்.

சுரையா போட்டோ கேட்டாளே, இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் எடுத்தது.

ஹபீப் முகமது


வில்லியனூர்
16-11-1974

786

மச்சானுக்கு,

நான் ஷட்டரை இறக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மஹர் என்பது கொடுத்தது. கொடுத்ததைக் கேட்கும்போதுகூட உத்தரவாகத்தான் கேட்பீர்களா? பத்து வருஷம் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து உங்கள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கடை காலியானதை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் டப்பா வரும் சத்தம் குறைந்ததை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் தட்டிக்கு இந்தப் பக்கம் திரும்பி ‘ரஹ்மத், பயமாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் என்ன? சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

செத்தது என்கிறீர்கள். இன்று மாலை வந்து பாருங்கள், இங்கே சிரிக்கிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரருக்குக் கணக்குத் தப்புகிறதாம்.

இன்னொன்று. உங்கள் போட்டோவைச் சுரையா கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அத்தாவுக்குப் பின்னாடி அலமாரி நெறைய ஷூ இருக்குதும்மா. எல்லாத்துக்கும் அடியில இன்னா சக்கரம்?” என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருக்கிறீர்கள். பேண்ட்டில் முழங்கால் வெளுத்திருக்கிறது. சூப்பர்வைசருக்கு ஏன் முழங்கால் வெளுக்கிறது?

பத்திரத்தை நாலாவது டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உண்மையை எழுதுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். அல்லாஹ் மேல் ஆணை.

ரஹ்மத் பீவி


மார்செய்
2-3-1975

அன்புள்ள ரஹ்மத்,

பொங்கல் போய்விட்டது. சிவப்பிரகாசம் இன்னும் ஒரு வருஷம் பொறுப்பதாகச் சொல்லி அனுப்பினார். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இன்று ஞாயிறு, கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மகாசேனை இரண்டு வருஷம் முன்பே மூடிவிட்டார்கள். நாலு மாடிக் கடை. நம்முடையதைப் போலவே மெல்ல மெல்லக் காலியானது. எல்லோரையும் அனுப்பிவிட்டு, உள்ளே இருந்த சுவர்களை இடித்துப் பலகைத் தரை போட்டு, சக்கரச் செருப்பில் சறுக்கி விளையாடும் கூடமாக ஆக்கினார்கள். பாட்டுப் போடுகிறார்கள், கலர் விளக்கு சுற்றுகிறது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இருக்கிறேன் என்றேன்.

என் வேலை இதுதான். வருகிறவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றிக் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் அளவுக்குச் சக்கரச் செருப்பு எடுத்து, மண்டியிட்டு, மாட்டி, நாடா கட்டி விடுகிறேன். ஒரு நாளைக்கு இருநூறு கால். பக்கீர் முகமதுவின் மகன் ஊரார் செருப்பைத் தொட்டுப் பிழைக்கிறான் என்று எப்படி எழுதுவேன்? உனக்குத் திட்டி எழுதிய அன்றும் அங்கேயிருந்து வந்துதான் எழுதினேன். உன் கூடத்தைப் பற்றிப் படித்தபோது கோபம் உன்மேல் இல்லை. என்னை யாரோ பார்த்துவிட்டதைப் போல இருந்தது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. கூடம் மூடும் நேரத்துக்கு ஒரு வயதான அம்மா தினமும் வருவாள். அந்தக் கடையில் முன்பு தொப்பி விற்றவளாம். சறுக்கமாட்டாள், ஓரமாக நின்று பார்ப்பாள். ஒருநாள் மாட்டி விடு என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று அழைத்துப் போனேன். தொப்பிப் பகுதி இருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு தானே தள்ளிக்கொண்டு போனாள். யாரும் எதுவும் வாங்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். என் அத்தா கடையில்கூட அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

உண்மை கேட்டாய், எழுதிவிட்டேன். கையெழுத்தைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன்.

ஹபீப்


வில்லியனூர்
2-6-1975

786

என் மச்சானுக்கு,

செருப்பைத் தொட்டால் என்ன? கை கழுவிக்கொண்டு சாப்பிடுகிறீர்கள்தானே. அதற்கா இரண்டு வருஷம் பொய்? போங்கள், எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சுரையாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை. “எங்க அத்தா சக்கர ஷூ போட்டு வுடுவாரு” என்று எட்டுக் கவுண்டருக்கும் சீட்டு அனுப்பிவிட்டாள்.

போன வாரம் கோயில் தேர். பாகூர், அரியாங்குப்பம் என்று எல்லா ஊர் ஜனமும் வந்தது. தேர் நிலைக்கு வந்ததும் பாதிக் கூட்டம் இங்கே. மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த சிஸ்டர்கள் இரண்டு பேர், அப்போது பார்த்ததைச் சொல்லி இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். சாயங்கால வெயில் சிவப்புக் கண்ணாடியில் இறங்கும்போது எட்டு டப்பாவும் ஒரே நேரத்தில் பறந்தன. ஊஞ்சல் போய் வந்துகொண்டிருந்தது. மேலே உட்கார்ந்து பார்த்தால் கூடமே தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருந்தது. பெரிய மச்சான்கூட வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஓர ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டுப் போனார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆணையிட்டது ஆணைதான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேதி, சாட்சி எல்லாம் சரியாக இருக்கிறது. இனி இது உங்கள் கையில். விற்றால் நானும் சுரையாவும் அங்கே வருகிறோம், ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு என்ன ஆசை என்று நீங்கள் கேட்டதே இல்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன். நீங்கள் இங்கே வர வேண்டும்.

ரஹ்மத்


வில்லியனூர்
12-10-1975

786

மச்சான்,

நாலு மாதமாகக் கடிதம் இல்லை. பத்திரம் கிடைத்ததா? மண்டிக்காரரும் வரவில்லை. எந்த நாளில் ஷட்டரைத் தட்டுவார் என்று தெரியாமல் தினமும் திறக்கிறேன். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி நாள் என்று நினைத்துத் தரையைக் கூட்டச் சொல்கிறேன். கஸ்தூரி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

விற்றுவிட்டேன் என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

ரஹ்மத்


(பக்கீர் மகாசேன் சரக்குச் சீட்டு)
27-1-1976

கவுண்டர் எண்: 4

சரக்கு: ஆள் ஒருவர். ஐந்து வருஷம் வெளியூரில் கிடந்தது. தாடி நரைத்திருக்கிறது, முழங்கால் தேய்ந்திருக்கிறது. சக்கரச் செருப்பு மாட்டி விடத் தெரியும். ஆறு ஜோடி கூடவே வருகிறது.

குறிப்பு: பெட்டியடி அம்மா அவர்களுக்கு. உங்கள் பத்திரம் கிடைத்த அன்றே கிழித்துவிட்டேன். அதைக் கடிதத்தில் எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று, நேரில் வர டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். பதில் போடாதது என் தப்பு. இந்தச் சீட்டு எழுதப் பென்சில் கேட்டபோது, ஊஞ்சலில் இருந்த பெண் இறங்கி வந்து “இன்னா சார் வேணும், பென்சிலா?” என்று கொடுத்துவிட்டுத் திரும்ப ஊஞ்சலுக்கே போய்விட்டாள். என்னை அடையாளம் தெரியவில்லை. அது சுரையாதானே? நான் இன்னும் அவளிடம் பேசவில்லை. பயமாக இருக்கிறது, ரஹ்மத்.

இந்தக் கடையிலிருந்து போன சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?


(அதே சீட்டின் பின்பக்கம்)

கவுண்டர் 4-க்கு.

வாபஸ் இல்லை என்று போர்டு எழுதி மாட்டியது நீங்கள்தான். அது இப்போது உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் பலகை. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், இரண்டு பேரைத் தாங்கும்.

பின்தெருப் படியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நடுப்படியைப் பாருங்கள். நான் இறங்கி வருகிறேன்.